குறை கேட்பவளின் கணவன்

என் மனைவிக்குக் கோபம் வருவது என்றைக்கு நின்றுபோனது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அன்றைக்கே ஏதாவது செய்திருப்பேன். மின்சாரம் போகிற மாதிரி பட்டென்று போயிருந்தால் கவனித்திருக்கலாம். இது மாடிக் குழாயில் தண்ணீர் குறைகிற மாதிரி குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் திறந்தபோது வெறும் காற்றுதான் வந்தது.

கல்யாணமான புதிதில் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நானும் லேசுப்பட்டவன் இல்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு ஒரு சண்டை, அதை எடுக்கச் சொன்ன தொனிக்கு இன்னொரு சண்டை, முந்தைய சண்டையில் யார் முதலில் குரலை உயர்த்தியது என்பதற்கு மறுபடியும் ஒரு சண்டை. எதிர் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எங்களைக் கேட்பார். எல்லாம் முடிந்ததும் அவள் டீ போடுவாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே குடிப்பேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். எங்கள் குடித்தனம் ஓடியதே அப்படித்தான். சொல்லப்போனால் எனக்கு அது பிடித்திருந்தது.

அவள் வேலை பார்ப்பது ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியில், குறை கேட்கும் பிரிவில். மெஷின் துவைக்கவில்லை, துவைத்தால் நிற்கவில்லை, நின்றால் கதவு திறக்கவில்லை, திறந்தால் ஒரு காலுறையைக் காணவில்லை என்று ஊர் உலகத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் போன் செய்வார்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் மனைவி பதில் சொல்வாள். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஓடும். "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துறோம் சார்" என்பதில் தொடங்கி "உங்க பொறுமைக்கு நன்றி" என்பதில் முடியும். நடுவில் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். என் வண்டியில் நான் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அது இல்லாவிட்டால் இந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன். பிரேக் என்று சொன்னால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவர்கள், இடது பக்கம் என்றால் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள், எதிரே லாரி வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்கிறவர்கள் எல்லாம் என்னிடம்தான் வந்து சேருவார்கள். மாலையில் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் மனைவியிடம் கொட்டினால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். அவளும் ஒரு காலத்தில், "உங்ககிட்ட கத்துக்கறாங்க பாருங்க, அவங்களைச் சொல்லணும்" என்று ஒரு போடு போடுவாள். நான் பதிலுக்கு ஒன்று விடுவேன். அப்படியே சூடு பிடிக்கும்.

அன்றைக்கு ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டேன். வேண்டுமென்று போடவில்லை, பழக்கத்தில் போட்டேன். அவள் பார்த்தாள். நான் தயாரானேன்.

"துண்டு ஈரமா இருக்குங்க. எடுத்துக் காயப்போட்டீங்கன்னா உதவியா இருக்கும்" என்றாள்.

"என்ன சொன்ன?" என்றேன்.

"உங்களுக்கு ஏதாவது சிரமம் குடுத்திருந்தா வருந்துறேன்" என்றாள். குரல் அப்படியே தேன். பாலில் ஆடை படிகிற மாதிரி ஒரு சிரிப்பு அந்தக் குரலின் மேல் படிந்திருந்தது. முகத்தில் அது இல்லை.

அதற்கப்புறம் காதைத் தீட்டிக்கொண்டு கவனிக்க ஆரம்பித்தேன். வீட்டில் எல்லோருக்கும் அந்தக் குரல்தான். நான் நடுக்கூடத்தில் நின்று அவசரமாக ஏதோ கேட்டால், "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். நானும் மடையன் மாதிரி அங்கேயே நிற்பேன். திரும்பி வந்து, "காத்திருந்ததுக்கு நன்றி, சொல்லுங்க" என்பாள். எங்கள் மகள், குட்டி என்றுதான் கூப்பிடுவோம், கணக்கில் தேறவில்லை என்று பயந்துகொண்டே வந்து நின்றபோது, "உன் நிலைமை எனக்குப் புரியுது. இது சம்பந்தமா வேற ஏதாவது சொல்ல விரும்பறியா?" என்று கேட்டாளாம். அடி வாங்கத் தயாராக வந்த பிள்ளை மிரண்டுபோய் என்னிடம் ஓடி வந்தாள்.

"அப்பா, அம்மா திட்டவே இல்லப்பா" என்றாள். அழுகிற நிலையில் இருந்தாள்.

என் அக்காவும் தப்பவில்லை. நாத்தனார் என்கிற பதவியை அவள் எந்தக் காலத்திலும் விட்டுக்கொடுத்ததில்லை. வாரம் தவறாமல் என் மனைவிக்குப் போன் செய்து ஏதாவது குற்றம் கண்டுபிடிப்பாள், என் மனைவி திருப்பிக் கொடுப்பாள், இருவருக்கும் அந்த வாரம் நன்றாகப் போகும். அப்படிப்பட்ட அக்கா ஒருநாள் மாலை என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், உன் பொண்டாட்டிக்கு என்னடா ஆச்சு? என் பையன் கல்யாணத்துக்கு அவ கட்டிக்கிட்டு வந்த புடவை நல்லாவே இல்லன்னு சொன்னேன். 'உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கிட்டேன் அண்ணி, எங்களை மேம்படுத்திக்க இது உதவும்'ங்கறா. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. நேத்து ராத்திரி சாப்பிடவே இல்ல."

"எனக்கும் அதாங்க்கா கவலை."

"டாக்டர் கிட்டக் காட்டு" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அக்கா என் மனைவிக்காகக் கவலைப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

டாக்டரிடம் என்னவென்று சொல்வது? என் மனைவி என்னிடம் மரியாதையாகப் பேசுகிறாள் என்றா?

இந்த நேரத்தில்தான் அவள் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. ஊழியர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க ஒரு நாள் நிகழ்ச்சி, குடும்பத்தோடு வரவும் என்று போட்டிருந்தார்கள். எனக்கு உயிர் வந்தது. பரவாயில்லை, கம்பெனிக்காரனுக்கே தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு குட்டியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஒரு பெரிய ஹால். சுவரெல்லாம் பலூன். மஞ்சள் சட்டை போட்ட ஒரு பயிற்சியாளர் மேடையில் ஏறி, எல்லோரையும் கண்ணை மூடிக் கடற்கரையை நினைத்துக்கொள்ளச் சொன்னார். அலை வருகிறது, போகிறது, உங்கள் கவலையெல்லாம் அதோடு போகிறது என்று அவர் இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவருடைய போன் அடித்தது. அவ்வளவுதான். கண்ணை மூடியிருந்த ஊழியர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில், "வணக்கம், உங்களுக்கு எந்த விதத்துல உதவலாம்?" என்றார்கள். ஒருவர்கூடக் கண்ணைத் திறக்கவில்லை. குடும்பத்தார் வரிசையில் உட்கார்ந்திருந்த நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் பக்கத்தில் இருந்த பெரியவர், "என் மருமகனும் இப்படித்தான்" என்று என் காதில் சொன்னார்.

பிறகு பரிசளிப்பு. கொடுத்தவரை அலுவலகத்தில் எல்லோரும் 'காது' என்பார்கள். ஊழியர்கள் பேசுவதையெல்லாம் பதிவு செய்து, உட்கார்ந்து கேட்டு, யார் எங்கே மூச்சுவிட்டார்கள், யார் சிரிப்பில்லாமல் நன்றி சொன்னார்கள் என்று மதிப்பெண் போடுவதுதான் அவருடைய வேலை. மெலிந்த ஆள். பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்வார்.

"நம்ம பிரிவுல ஒரு விதி இருக்கு. வாடிக்கையாளர் போனை வைக்கற வரைக்கும் நாம வைக்கக் கூடாது. வெச்சா வேலை போயிடும்னு எல்லாருக்கும் தெரியும். போன மாசம் ஒருத்தர் மத்தியானம் பூராத் திட்டினார். குடும்பத்தை எல்லாம் இழுத்துத் திட்டினார். இவங்க ஒரு வார்த்தை குரலை உயர்த்தல. கடைசியில அவருக்கே தொண்டை கட்டிப்போய் அவரே வெச்சிட்டார்" என்றார் காது.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. என் மனைவி மேடைக்குப் போய் 'மிக அமைதியான ஊழியர்' என்று எழுதிய கேடயத்தை வாங்கிக்கொண்டாள். அந்த மத்தியானத்தைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது. அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து என்ன செய்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வழக்கம்போல நான்தான் பேசியிருப்பேன்.

சாப்பாட்டு இடைவேளையில் பயிற்சியாளரை ஓரமாகப் பிடித்தேன்.

"சார், என் மனைவிக்குக் கோபமே வரமாட்டேங்குது" என்றேன்.

"வாழ்த்துகள்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இல்ல சார், வீட்லயும் ஆபீஸ் குரல்லயே பேசறா."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "அவங்க உங்ககிட்ட மனசு விட்டுப் பேசணும். நீங்கதான் தொடங்கி வைக்கணும். நீங்க நிறையப் பேசுங்க, அவங்களும் பேசுவாங்க" என்றார். பேசுவதற்கு எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? அன்றிலிருந்து இரண்டு மடங்காகப் பேசினேன். அவள் கதவைத் திறக்கும் முன்பே ஆரம்பித்தேன். ஒரு பெண்மணி போக்குவரத்துப் போலீஸ்காரரின் நாற்காலியில் வண்டியை ஏற்றியதை, அவர் அப்போது எழுந்து நின்றிருந்தது யார் செய்த புண்ணியமோ, ஒன்றுவிடாமல் சொன்னேன். டீயில் சர்க்கரை போதவில்லை என்றேன், முதுகு வலிக்கிறது என்றேன். வம்புக்கு இழுக்க அவள் சமையலைக் குறை சொன்னேன், தங்கையைக் குறை சொன்னேன், கடைசியில் அந்தக் கேடயத்தையே குறை சொன்னேன். சுவரில் மாட்டினால் கேவலமாக இருக்கிறது என்றேன்.

"உங்க அதிருப்திக்கு வருந்துறேன்" என்று அதைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தாள்.

என் பொறுமை போய்விட்டது. இவளை இழந்துகொண்டிருக்கிறேன் என்று பயமாக இருந்தது. அதைச் சொல்லத் தெரியவில்லை, எரிச்சல்தான் பட்டேன். இவள் யார் சொல்வதை உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்கிறாள்? போன் செய்கிறவன் சொல்வதை. சரி, நானும் போன் செய்கிறேன் என்று முடிவு கட்டினேன். இப்போது சொல்லும்போது எனக்கே முட்டாள்தனமாகத்தான் இருக்கிறது. அன்று காலை அது பெரிய மூளைக்கார யோசனையாகப் பட்டது.

ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவில், ஒரு பூங்காவின் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுக் கம்பெனியின் இலவச எண்ணைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டிலும் அவர்கள் மெஷின்தான். முதலில் ஓர் ஆண் எடுத்தான், வைத்தேன். அடுத்து ஒரு பெண், அவளும் இல்லை. எத்தனை தடவை கூப்பிட்டேனோ, ஒருவழியாக அந்தத் தேன் குரல் வந்தது.

"வணக்கம், உங்களுக்கு எந்த விதத்துல உதவலாம்?"

"நான்தான்" என்றேன்.

கீபோர்டை ஏதோ தட்டினாள். அப்புறம், "சொல்லுங்க சார், உங்க மெஷின்ல என்ன பிரச்சனை?" என்றாள்.

"மெஷின் நல்லாத்தான் ஓடுது. எனக்குப் புகார் என் மனைவி மேல."

"மன்னிக்கணும் சார், நாங்க வாஷிங் மெஷினுக்கு மட்டும்தான் புகார் எடுத்துக்கறோம்."

"எடுத்துத்தான் ஆகணும். நீங்க போனை வைக்கக் கூடாதுன்னு விதி இருக்கு, எனக்குத் தெரியும்."

நான் விடவில்லை. மளமளவென்று அடுக்கினேன். என் மனைவி என்னோடு சண்டை போடுவதில்லை. துண்டைப் போட்டால் திட்டுவதில்லை. நான் என்ன சொன்னாலும் ஒரே பதில். நாளெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், பேச ஓர் ஆள் இல்லை. வீட்டில் மனைவி இருக்கிற மாதிரியே இல்லை. இதற்கு உங்கள் கம்பெனி என்ன தீர்வு தரப்போகிறது, எப்போது தரப்போகிறது?

"உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு..." என்று தொடங்கினாள். குரல் உடைந்து நின்றது. மறுபடி தொடங்கினாள். மறுபடி நின்றது.

அப்புறம் வந்தது.

"தீர்வா? உங்களுக்குத் தீர்வு வேணுமா? காலையில வந்து உட்கார்ந்ததும் ஒருத்தன், மெஷின் கதவு திறக்கலயாம், அவன் பையன் யூனிஃபார்ம் உள்ள மாட்டிக்கிச்சாம், என்னை என்னென்ன சொன்னான் தெரியுமா? அந்த மெஷினை நானா செஞ்சேன்? அதோட ஒரு ஸ்க்ரூவைக்கூட நான் பார்த்ததில்ல. மன்னிப்பு மட்டும் நான் கேக்கணும். சாயங்காலம் வரைக்கும் கேக்கணும். கேட்டுட்டு வீட்டுக்கு வந்தா, வாசல்ல நீங்க நிக்கறீங்க. செருப்பைக் கழட்ட விடறீங்களா? எவன் எந்தச் சுவத்துல இடிச்சான், எவ கியரை உடைச்சா, டீயில சர்க்கரை இல்ல, முதுகு வலிக்குது. உங்களுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது என்னை இன்னார்னு தெரியாமத் திட்டறான்."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். வண்டியில் நான் மட்டும்தான் இருந்தேன், வண்டி நின்றுகொண்டிருந்தது. ஆனாலும் என் கால் தன்னால் என் பக்கத்து பிரேக்கைத் தேடிப் போய் அழுத்தியது. யார் வேகமாகப் போனாலும் அழுத்திப் பழகிய கால். எடுத்துவிட்டேன்.

"சண்டை போட மாட்டேங்கறேன்னு புகார் வேற. சண்டை போடறதுக்குத் தெம்பு வேணும், தெரியுமா? எங்கிட்ட இல்ல. எல்லாத்தையும் இங்கயே பிழிஞ்சு எடுத்துக்கறாங்க. 'உனக்கு இன்னைக்கு எப்படிப் போச்சு'ன்னு என்னைக்காவது ஒரு நாள் கேட்டிருக்கீங்களா? இங்கயாவது சாப்பாட்டு நேரத்துல ஹெட்போனைக் கழட்டி வைக்கறேன். வீட்ல எதைக் கழட்டி வைக்கறது?"

அப்புறம்தான் அவள் அழுதாள். அவளைச் சுற்றி எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அவள் ஆபீஸ் ஹாலில் எத்தனையோ பேர் பேசிக்கொண்டிருப்பார்களே, ஒருவர்கூடப் பேசவில்லை. எல்லோரும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்ததாகப் பிற்பாடு தெரிந்தது.

"ஏங்க" என்றாள் மெதுவாக. இது அவளுடைய சொந்தக் குரல். "நீங்களே வெச்சிருங்க. நான் வைக்கக் கூடாது."

நான் வைத்தேன். சண்டை வேண்டும் வேண்டும் என்று கேட்டு வாங்கியாயிற்று, அவள் வேலை போய்விடுமே என்பது அப்போதுதான் உறைத்தது. இந்த வேலையை அவள் எவ்வளவு பாடுபட்டுப் பிடித்தாள் என்று எனக்குத் தெரியும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த வகுப்புக்கு ஒரு வங்கிக்காரர் வந்தார். பயந்த சுபாவம். இரண்டாவது கியருக்கு மேல் போகவே மாட்டார். அவர் பூங்காவைச் சுற்றி உருட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. காது.

"சார், எங்க ஊழியர் ஒருத்தர் இன்னைக்கு உங்ககிட்ட மரியாதைக் குறைவாப் பேசியிருக்காங்க" என்றார்.

"சார், அது என் மனைவி."

"தெரியும் சார். கேடயம் குடுத்ததே நான்தானே. வீட்டு விஷயம்னும் புரியுது. ஆனா ரெக்கார்டு ஆயிடுச்சு. நான் ஏதாவது நடவடிக்கை காட்டியாகணும்."

"எனக்கு ஒரு புகாரும் இல்ல சார். தப்பு முழுக்க என் மேல."

"அப்படி ஒரு வகையே எங்க கம்ப்யூட்டர்ல இல்லயே" என்றார் வருத்தமாக. "வேலைநீக்கம் இருக்கு, எச்சரிக்கைக் கடிதம் இருக்கு, மறுபயிற்சி இருக்கு. ரொம்பச் சின்னதுன்னா, மன்னிப்பு. அவங்க உங்களுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேக்கணும், நான் பக்கத்துல இருந்து கேக்கணும், நீங்க ஏத்துக்கணும். அதுக்கு மேல போகாமப் பார்த்துக்கறேன்."

வேலை தப்பியது என்று எனக்கு மூச்சு வந்தது. ஆனால் என்னிடமே அவள் மன்னிப்புக் கேட்பதா? வேறு வழியில்லை, சரி என்றேன். அவர் வைக்கவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார் என்பது போனிலேயே தெரிந்தது.

"சார், ஒரு விஷயம்" என்றார். "நாள் பூரா எல்லார் பேசறதையும் நான் கேக்கறேன். அவங்க வாங்கற திட்டு மொத்தமும் என் காது வழியாத்தான் போகுது. மார்க் போடறதுக்காக ரெண்டாவது தடவையும் கேக்கணும். எனக்கு வீட்ல என்ன ஆகுதுன்னா..."

வழக்கமாக இருந்தால், எனக்கு வகுப்பு இருக்கிறது சார் என்று வெட்டியிருப்பேன். அன்றைக்கு வாய் வரவில்லை. "சொல்லுங்க சார்" என்றேன். அவர் சொன்னார். மனைவி கூப்பிட்டால் முழு வாக்கியத்தையும் கேட்டுவிட்டு மதிப்பெண் போடுகிறாராம். பிள்ளைகள் அவர் எதிரில் பேசுவதையே நிறுத்திவிட்டார்களாம். வங்கிக்காரர் பூங்காவைச் சுற்றிக்கொண்டே இருந்தார். நிறுத்தச் சொல்ல என்னால் முடியவில்லை. காது சொல்லி முடித்தபோது வங்கிக்காரர் மூன்றாவது கியரில் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் அவருக்கு வண்டி வரும் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தோம்.

சிறிது நேரத்தில் மறுபடி போன். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய் ஒரு மரத்தடியில் நின்று எடுத்தேன்.

"வணக்கம் சார்" என்று ஆரம்பித்தாள். எதிரே எழுதியிருப்பதைப் படிக்கிறாள். "இன்று உங்களிடம் நடந்துகொண்ட முறைக்காக..."

"இரு" என்றேன். "படிக்காத. நான் சொல்லணும்."

"சார், நான்தான் சொல்லணும்."

"எல்லாம் நீ சொன்னது நிஜம். நான் கேட்டதே இல்ல. உன்னைப் பார்த்ததும் வாயைத் திறந்துடறேன், மூடத் தெரியல. என்னை மன்னிச்சிடும்மா."

அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அது காதாகக்கூட இருக்கலாம்.

"நீங்க மன்னிப்புக் கேட்டா எங்க கம்ப்யூட்டர் ஏத்துக்காது சார்" என்றாள் அவள். குரலில் அழுகை இருந்தது, அதன் ஓரத்தில் கொஞ்சம் கிண்டலும் இருந்தது. எனக்கு அந்தக் கிண்டலே போதும் போலிருந்தது. பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள், "நான் ஒண்ணு கேக்கணும். இன்னைக்கு நான் வீட்டுக்கு வந்ததும் யாரும் எங்கிட்ட எதுவும் சொல்லக் கூடாது. நீங்களும் சரி, குட்டியும் சரி, உங்க அக்காவும் சரி. நானாப் பேசற வரைக்கும்."

"சரி."

"இப்ப நீங்க வைங்க."

மாலையில் குட்டியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு அன்றைக்குப் பார்த்துத்தானா பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வர வேண்டும்? சொல்லாமல் இருந்தால் வெடித்துவிடுவாள் போலிருந்தது. உதட்டை மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வங்கிக்காரர் மூன்றாவது கியர் போட்டது எனக்கும் தொண்டை வரை வந்து நின்றது.

என் மனைவி வந்தாள். எங்களைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். பையை வைத்தாள். தண்ணீர் குடித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். நானும் குட்டியும் மூச்சு விடுவதைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டோம். ஒரு வீட்டில் ஒன்றும் பேசாமல் இருந்தால் எவ்வளவு சத்தம் கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஃபிரிட்ஜ் ஓடியது. மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். நடுவில் என் அக்கா போன் செய்தாள். அதை எடுத்துக்கொண்டு வெளியே போய், அவள் சொன்னது முழுவதையும் ஒரு குறுக்குப் பேச்சு இல்லாமல் கேட்டேன். "உனக்கும் அதே நோய் வந்திடுச்சாடா?" என்று அவள் பயந்துபோய் வைத்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது என் மனைவி கண்ணைத் திறந்திருந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன ரெண்டு பேரும் இப்படி உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள். "சரி, சொல்லுங்க. யாரு முதல்ல?"

குட்டி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"நீ சொல்லு. உனக்கு இன்னைக்கு எப்படிப் போச்சு?" என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தாள். கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. ஏதோ ஒரு சாமானை வைத்த இடம் மறந்துபோன மாதிரி எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியலங்க" என்றாள். "யாரும் கேட்டதில்லையா, எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல."

குட்டி எழுந்து போய் அவள் மடியில் உட்கார்ந்தாள். மடியில் உட்காருகிற வயதெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது.

"காலையில பஸ் ஏறினதுலேர்ந்து ஆரம்பிம்மா" என்றாள்.

"பஸ்ஸா?" என்றாள் என் மனைவி. கொஞ்சம் யோசித்தாள். "பஸ்ல இன்னைக்கு ஒரு கூத்து நடந்துச்சு" என்று ஆரம்பித்தாள்.